சிவம் அண்ணை எழுந்து போன மேசை

தம்பி,

உன் கல்யாணத்துக்கு நான் வருவேனா மாட்டேனா என்று நீ அம்மாவிடம் மூன்று தடவை கேட்டுவிட்டாய். என்னிடம் ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்க முடியாதபடி இரண்டு வருடமாக உன்னோடு பேசாமல் இருந்தவன் நான்தான் என்பது எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். பதில் ஒரு வரிதான். ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அந்த வரியை மட்டும் எழுதினால் அது ஒழுங்கான பதில் ஆகாது. இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை, லண்டன் வால்தம்ஸ்டோவில் உள்ள எங்கள் ஆட்களின் கடைகளில் இலவசமாக அடுக்கி வைக்கிற மாதப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். போடாவிட்டாலும் எங்கள் ஆட்களுக்கு ஆள் யாரென்று விளங்கும். விளங்க வேண்டும். ஏனென்றால், சலூனிலும் மரக்கறிக் கடையிலும் கோயில் வாசலிலும் நின்று, "பெத்த மகன் வெள்ளைக்காரனுக்கு முன்னால எங்கட ஆளைக் காட்டிக் குடுத்திட்டான்" என்று உன்னைப் பற்றி நான் சொன்னது அவர்களிடம்தான். சொன்ன இடத்தில்தான் திருத்தவும் வேண்டும்.

சிவம் அண்ணை யாரென்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பத்திரிகையில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் அவரும் ஒரே வருடம் லண்டன் வந்தவர்கள். ஒரே அறையில், ஒரே மெத்தையில், ஆள் மாறி ஆள் படுத்து எழும்பியவர்கள். நீ பிறந்தபோது எங்கள் வீட்டுச் சின்ன அறையில் அவர்தான் இருந்தார். நீ அவரைச் சிவம் மாமா என்று கூப்பிட்டுப் பழகினாய். 304 என்ற சீட்டாட்டத்தில் எனக்கு எதிரே இருக்கிற என் கூட்டாளி எப்போதும் அவர்தான். அவருடைய மனைவி இறந்த பிறகு, பகலிலும் ஜன்னல் சீலையைத் திறக்காமல் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். எனக்கு சூப்பர்மார்க்கெட் பேக்கரியில் அதிகாலை ஷிப்ட். மதியத்தோடு வேலை முடிந்துவிடும். போக்கர் என்ற விளையாட்டைத் தொலைக்காட்சியில் போடத் தொடங்கிய காலம் அது. நகரத்துக் கசினோ ஒன்றில் புதன்கிழமை மத்தியானங்களில் சின்னப் பந்தயத்துக்கு மேசை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவரை இழுத்துக்கொண்டு போனேன். அவர் சவரம் செய்து சப்பாத்து மினுக்குவது வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும்தான். இதை நீ ஞாபகம் வைத்துக்கொள். அவர் இழந்தது என்ன என்று பிறகு சொல்லும்போது உதவும்.

விதிகளை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நூலகத்தில் ஒரு புத்தகம் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படித்தேன். திரும்பத் திரும்பத் தவணை நீட்டியதில், நூலகத்துப் பெண் "இதை நீங்களே வைத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்டாள். கசினோச் சுவரில் மாட்டியிருந்த விதித்தாளையும் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். அப்படியிருந்தும் முதல் மாதமே அடி விழுந்தது. முன்னால் இருந்தவர் ஒரு பந்தயம் கட்டியிருந்தார். அதற்கு மேலே ஏற்றிக் கட்ட நினைத்து, சிப்ஸ் என்கிற பந்தய வில்லைகளில் என்னிடமிருந்த ஆகப் பெரிய தொகைக்கான ஒன்றை வாய் திறக்காமல் நடுவில் போட்டேன். சீட்டுக் கடுதாசி போடுகிற பெண் மீதியை என் பக்கம் தள்ளிவிட்டாள். ஒன்றும் சொல்லாமல் ஒற்றைச் சிப்ஸைப் போட்டால், அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும், முன்னவரின் பந்தயத்துக்குச் சரிசமமாகக் கட்டியதாகத்தான் எடுப்பார்களாம். நான் எழுந்து நின்று வாதாடினேன். மேற்பார்வையாளர் வந்தார். நான் நினைத்தது வேறு என்று சொன்னேன். "நீங்கள் நினைத்ததை மேசையில் இருப்பவர்கள் பார்க்க முடியாது, சேர்" என்றார். அந்த விதி பிழை என்று இன்றும் சொல்வேன். சின்னச் சிப்ஸ் கையில் குவிந்து கிடக்கும்போது ஒருவன் பெரியதைத் தேடி எடுத்துப் போடுகிறான் என்றால், சரிசமமாகக் கட்டவா போடுகிறான்? இதைப் பற்றி அவர்களுடைய தலைமை அலுவலகத்துக்கு நான்கு கடிதம் எழுதினேன். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. அதிலும் என் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள்.

ஆனால் விதி பிழையாக இருந்தாலும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு நடந்தால் மற்றவனுக்கும் நடக்க வேண்டும். சைப்பிரஸ்காரர் ஒருவர் எங்கள் மேசைக்கு வருவார், டாக்சி ஓட்டுகிறவர். கொஞ்சச் சிப்ஸை முன்னால் வைப்பார், மற்றவர்களின் முகத்தைப் பார்ப்பார், பிறகு திரும்பக் கையை நீட்டி இன்னும் கொஞ்சம் வைப்பார். அப்படி இரண்டு தடவையாக வைக்கக் கூடாது. வாயால் தொகையைச் சொல்ல வேண்டும், அல்லது ஒரே தடவையில் வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான் கையை உயர்த்துவேன். "ஜட்ஜ் ஐயா, மூச்சை ஒரே தடவையில் விட வேண்டுமா, இரண்டாக விடலாமா?" என்று அவர் கேட்டதற்கு மேசை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு அங்கே ஜட்ஜ் என்று பெயர். இன்னொரு விதியும் இருந்தது. கடுதாசி கையில் இருக்கும்போது மேசையில் ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம். அவரும் அவருடைய மச்சானும் கிரேக்கத்தில் ஏதோ பேசியபோது அந்த விதியைக் காட்டி அவர்களை அடக்கியவனும் நான்தான். அவர் என்னை ஒருநாள் பிடிப்பார் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

இந்தக் குணத்தை நான் கசினோவில் விட்டுவிட்டு வரவில்லை. சட்டியை யார் கடைசியாகத் தொட்டது, கதவை யார் பூட்டாமல் விட்டது என்று நான் விசாரித்துக்கொண்டு நின்றபோது உன் அம்மா ஒருமுறை, "இஞ்சாருங்கோ, இதுக்கும் சுப்பவைசரைக் கூப்பிடுவமோ?" என்று கேட்டாள். நீ படிக்கட்டில் இருந்து சிரித்தாய். நான் உன்னை அதற்காகவும் ஏசினேன். நீ ஒரு பெண்ணோடு வீடு நடத்தப் போகிறாய். என்ன செய்ய நினைக்கிறாயோ அதை முதலில் வாயால் சொல்லிவிடு, பிறகு கையை அசை. மேசையைப் பற்றி நான் என்ன வாதாடினாலும், வீட்டைப் பொறுத்தவரை அந்த மேற்பார்வையாளர் சொன்னதுதான் சரி. முப்பது வருடமாக நான் நினைத்ததையெல்லாம் உன் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நம்பியவன் நான். அவள் பார்க்கவில்லை. பார்க்க முடியாது.

இனி அந்தப் புதன்கிழமை. கசினோவுக்குள் சிகரெட் குடிக்கக் கூடாது என்ற சட்டம் வந்த வருடம். மேசையில் பாதிப்பேர் வாசலுக்கும் கதிரைக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். உனக்கு அன்றைக்கு லீவு. சிவம் மாமா விளையாடுவதைப் பார்க்க வேண்டும் என்று எங்களோடு வந்து, நீயும் மேசையில் சேர்ந்தாய். எனக்கு வலது பக்கத்தில் நீ, இடது பக்கத்தில் சிவம் அண்ணை. நீ உன் கடுதாசியைக் கீழே வைத்து அந்த ஆட்டத்தை விட்டுவிட்டாய். சைப்பிரஸ்காரரும் நானும் சிவம் அண்ணையும்தான் மிச்சம். சைப்பிரஸ்காரர் பெரிதாக ஒரு பந்தயம் கட்டினார். அடுத்து என் முறை. என் கையில் இருந்தது சுமாரான கடுதாசி. விடுவதா, நிற்பதா என்று தெரியவில்லை. 304 விளையாடிய எவருக்கும் தெரியும், எங்கள் ஆட்கள் அந்த விளையாட்டில் சாடை காட்டாமல் இருப்பதில்லை. காதைத் தடவுவது, இருமுவது, "தேத்தண்ணி ஆறப்போகுது" என்பது எல்லாவற்றுக்கும் ஓர் அர்த்தம் இருக்கும். பிடிபட்டால் எதிர்ப் பக்கம் கத்தும், நாங்களும் கத்துவோம், அதுவும் விளையாட்டில் சேர்த்திதான். முப்பது வருடம் எனக்கு எதிரே இருந்த மனிதர் அன்றைக்குப் பக்கத்தில் இருந்தார். வாய் தானாகத் திறந்தது. "அண்ணை, உங்களிட்ட இருக்கோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

சிவம் அண்ணைக்கு ஒரு காது மந்தம். காது மந்தமானவர்கள் தாங்கள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவார்கள். "நீ விடு, நான் பாக்கிறன்" என்றார், மேசை முழுவதற்கும் கேட்கும்படி. நான் கடுதாசியைக் கீழே வைத்தேன். அவர் பந்தயத்தை ஏற்றினார். சைப்பிரஸ்காரர் சிப்ஸைத் தொடவில்லை. "என்ன பாஷை அது?" என்று கேட்டார். பிறகு, "ஜட்ஜ் ஐயா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றார்.

மேற்பார்வையாளர் வந்து, சிவம் அண்ணை என்ன சொன்னார் என்று முதலில் என்னைத்தான் கேட்டார். கால் விறைத்துவிட்டது, கதிரையைக் கொஞ்சம் தள்ளச் சொன்னார் என்று நான் சொன்னேன். யோசிக்காமல் சொன்னேன். அவ்வளவு சுலபமாக வந்தது. அவர் என்னை நம்பவில்லை. உன்னைப் பார்த்து, உனக்கு அந்தப் பாஷை தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாய். சிவம் அண்ணை சொன்னதை ஆங்கிலத்தில் சொல் என்றார். நீ சிவம் அண்ணையைப் பார்த்தாய். பிறகு சொன்னாய், ஒரு சொல் கூடாமல் குறையாமல். "உன் அப்பா அதற்கு முன் ஏதாவது சொன்னாரா?" என்று அவர் கேட்டார். "இல்லை" என்றாய்.

தீர்ப்பு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. சிவம் அண்ணையின் கடுதாசி செல்லாது. நடுவில் இருந்ததெல்லாம் சைப்பிரஸ்காரருக்கு. சிவம் அண்ணையின் அங்கத்துவ அட்டையை வாங்கிக்கொண்டு, இனி அந்தக் கட்டடத்துக்குள் வர வேண்டாம் என்றார்கள். அவர் சவரம் செய்து சப்பாத்து மினுக்குகிற அந்த ஒரு நாளும் அதோடு போய்விட்டது. எனக்கு எச்சரிக்கை மட்டும், அதுவும் அரைகுறையாக. சிவம் அண்ணை எழுந்து கோட்டைப் போட்டார். ஒரு கை கோட்டுக்குள் போகவில்லை, நீ எழுந்து பிடித்துவிட்டாய். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்க அவ்வளவு நேரம் போதும். நான் என் சிப்ஸை நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகும் நான் எழும்பவில்லை. இன்னும் இரண்டு ஆட்டம் விளையாடினேன். உன்னைப் பற்றி ஊர் முழுக்கச் சொன்னபோது இந்த இரண்டு ஆட்டத்தையும் நான் சொல்லவில்லை.

விக்டோரியா லைன் ரயிலில் வீட்டுக்கு வரும்போது நான்தான் தொடங்கினேன். "பிற மனிசருக்கு முன்னால மாமாவைக் காட்டிக் குடுத்திட்டியே" என்றேன். நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "மாமா சொன்னது எல்லாருக்கும் கேட்டது, அப்பா. நீங்கள் கேட்டது எனக்கு மட்டும்தான் கேட்டது" என்றாய். நான் கடைசி ஸ்டேஷன் வரை உன்னோடு பேசவில்லை. பிறகு இரண்டு வருடமும் பேசவில்லை. நீ அந்த மாதமே அறை எடுத்துக்கொண்டு போனாய். சிவம் அண்ணையின் பெயரைச் சொல்லித்தான் நான் கோபப்பட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்காமல் இந்த வீட்டுப் படி ஏறாதே என்று உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். கல்யாணம் என்று தெரிந்தபோதும் அதையே சொன்னேன். "நீங்கள் வராட்டி ஒரு கதிரை மிச்சம். அதில என்ர ஹான்ட்பாக்கை வைப்பன்" என்று உன் அம்மா சொன்னாள். அவள் சொன்னால் செய்வாள்.

உண்மையில் நான் உன்னிடம் எதைப் பொறுக்கவில்லை என்று எனக்கு அப்போதும் தெரியும். நீ உண்மையைச் சொன்னதை அல்ல. பாதியில் நிறுத்தியதை. உண்மை சொல்வதென்றால் இரண்டு பேரையும் சொல்லியிருக்க வேண்டும். பொய் சொல்வதென்றால் இரண்டு பேருக்கும் சொல்லியிருக்க வேண்டும். நீ என்னை மட்டும் காப்பாற்றினாய். நான் கேட்காமலே காப்பாற்றினாய். என்னால் அந்த நேரம் வாய் திறக்க முடியாது என்று என்னைப் பார்த்தவுடனே நீ முடிவு செய்துவிட்டாய். பெற்ற மகன் அப்படி முடிவு செய்ததும், அது சரியாக இருந்ததும்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ செய்தது பிழை என்று இப்போதும் சொல்கிறேன். என் பிழை அதைவிடப் பெரியது என்பதால் உன்னுடையது இல்லாமல் போகாது.

போன மாதம் உன் வருங்கால மனைவி என்னைப் பார்க்க வந்தாள். ஹரோவிலிருந்து இரண்டு ரயில் மாறி, மழையில், உனக்குச் சொல்லாமல் வந்தாளாம். பெற்றோர் மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே வேலையில் அமர்ந்தவர்கள். பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறார்கள். உட்காரவே இல்லை. "அங்கிள், நான் சண்டை போட வரல. ஒரே ஒரு கேள்விதான். அன்னைக்கு மேசையில என்ன நடந்துச்சு? அவரைக் கேட்டா, 'அப்பாகிட்ட கேளு'ன்னு மட்டும்தான் சொல்றாரு" என்றாள். நான் திகைத்துப்போனேன். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம்கூட நீ சொல்லவில்லை. ஊர் முழுக்க நான் உன் பெயரைக் கெடுத்த இரண்டு வருடமும், உன் வாயில் இருந்த ஒரு வரியை நீ வெளியே விடவில்லை. அவளிடம் நான் சொன்னேன். முழுவதையும் சொல்ல ஐந்து நிமிடம்தான் பிடித்தது. அவள் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானா, அங்கிள்?" என்றாள். அவ்வளவுதான் என்றேன். "இதுக்கா ரெண்டு வருஷம்?" என்றாள்.

அடுத்த புதன்கிழமை கசினோவுக்குப் போனேன். அந்த மேற்பார்வையாளர் அங்கே இல்லை, வேறு ஒரு இளம் பெண் இருந்தாள். அன்றைக்கு முதலில் பேசியவன் நான், கேட்டவன் நான், மற்றவர் பதில் மட்டும்தான் சொன்னார், அவருடைய அட்டையைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொன்னேன். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "சேர், நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அவருடையதைத் திருப்பித் தர முடியாது, உங்களுடையதையும்தான் நான் வாங்க வேண்டும்" என்றாள். சரியான தீர்ப்பு. அட்டையைக் கொடுத்தேன். அங்கிருந்து எந்த வாதமும் செய்யாமல் நான் வெளியே வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அப்படியே சிவம் அண்ணை வீட்டுக்குப் போனேன். ஜன்னல் சீலை மூடித்தான் இருந்தது. இரண்டு வருடத்தில் நான் அந்த வீட்டுக்குப் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் அவரிடம் உன்னைப் பற்றி ஏசுவதற்கு. அன்றைக்கு அவர் ஒன்றும் பேசாமல் இருந்ததை, என் பக்கம் என்று நான் எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை வாசலில் நின்றபடியே சொன்னேன்: "அண்ணை, அண்டைக்கு நான்தான் முதல் கேட்டனான் எண்டு நான் எழும்பிச் சொல்லியிருக்க வேணும்."

"கேட்டது நீ. பதில் சொன்னது நான். எனக்குத் தெரியாதோ?" என்றார்.

"தம்பியோட நீங்கள் கோவமா இருக்கிறியள் எண்டு..."

"நான் ஏன் அவனோட கோவிக்கிறன்? பெடியனிட்டக் கேட்டாங்கள், அவன் சொன்னான். உன்னைச் சொல்ல அவனுக்கு மனம் வரேல்லை. பெத்த தேப்பனை எவன் சொல்லுவான்? மாதத்தில ரெண்டு தரம் வந்து எனக்குச் சாமான் வாங்கித் தந்திட்டுப் போறான். கலியாணத்துக்கு வாறன் எண்டு எப்பவோ சொல்லிப்போட்டன்."

"அப்ப கோவம்?"

"உன்னோடதான். நீ வந்து சொல்லுவாய், நாளைக்கு வருவாய், நாளையிண்டைக்கு வருவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். ரெண்டு வருசம் எடுத்துப்போட்டாய். மெத்தப் பெரிய மனிசன்."

அதற்குப் பிறகு தேத்தண்ணி போட்டுத் தந்தார். கோப்பையை என் கையில் தராமல் மேசையில் வைத்தார். நான் குடித்தேன். கசினோவில் என் அட்டையையும் வாங்கிவிட்டார்கள் என்று சொன்னேன். "நல்லது" என்றார். சிரிக்கவில்லை.

நான் கல்யாணத்துக்கு வருகிறேன்.

இரண்டு விஷயம் மட்டும். மண்டபத்தில் யாராவது வந்து, உனக்கும் அப்பாவுக்கும் என்ன பிரச்சினை என்று கேட்பார்கள். எங்கள் ஆட்கள் கேட்காமல் போக மாட்டார்கள். "ஒன்றுமில்லை" என்று சொல்லாதே. நான் பக்கத்தில் நின்றாலும் முழுவதையும் சொல். உன் மனைவிக்கு முன்னால் இனிமேல் என்னைக் காப்பாற்றாதே. அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

மற்றது, வருகிற வழி. சிவம் அண்ணையோடு சேர்ந்து வரலாம் என்று கேட்டுப் பார்த்தேன். ஒரே ரயிலில் வருவாராம், ஒரே பெட்டியில் வர மாட்டாராம். நியாயம்தான், நான் மறுக்கவில்லை. மண்டபத்துக்குப் பக்கத்து ஹரோ ஸ்டேஷனுக்கு எங்களைக் கூட்டிவர யாரையாவது அனுப்புவதானால் இரண்டு காராக அனுப்பு. அவரை முதலில் ஏற்றச் சொல்.

அப்பா